ஏசி போட்டால் உதறும் எஞ்சின்: த்ராட்டில் பாடி சுத்தம் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர். பெட்ரோலை இன்டேக் போர்ட்டில், அதாவது வால்வுக்கு முன்னால் உள்ள காற்று வழியில், தெளிக்கும் வகை, நேரடி இன்ஜெக்‌ஷன் அல்ல. த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டு) எலக்ட்ரானிக், அதாவது ஆக்ஸிலரேட்டரிலிருந்து கேபிள் எதுவும் போகாது. மோட்டார்தான் தட்டைத் திறந்து மூடும். உள்ளே போகும் காற்றை அளக்க ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. பட்டறைகளில் சொல்வதுபோல மேஃப் என்றே இங்கும் சொல்கிறேன். வண்டி 90,000 கிலோமீட்டரைத் தாண்டியது, அதில் பெரும்பகுதி நகருக்குள் குட்டிக் குட்டி ஓட்டம்.

உரிமையாளர் சொன்ன புகார் இது: "ஏசி போட்டுட்டு நின்னா வண்டி உதறுது. பிரேக் பிடிச்சு வேகம் குறையும்போது சில சமயம் ஆஃப் ஆயிடுது." காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தொல்லை இல்லை. எஞ்சின் சூடான பிறகுதான் ஆரம்பிக்கும். ஓடும்போது இழுவை கொஞ்சம் மந்தம் என்றும் சொன்னார், ஆனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் வருவதற்குள் பிளக் மாற்றியாகிவிட்டது, ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, டேங்கில் ஊற்றும் கிளீனரும் ஊற்றியாகிவிட்டது. எதிலும் பலன் இல்லை. பிளக் சரி, 90,000 கிலோமீட்டரில் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை) புகார் என்றாலே பலரும் முதலில் கை வைப்பது அங்கேதான். இந்த அளவு எஞ்சின் சூடாகி ஐட்லில் நிற்கும்போது விநாடிக்குச் சுமார் 2 கிராம் காற்றுதான் உறிஞ்சுகிறது. முழு ஆக்ஸிலரேட்டரில் 6,000 ஆர்பிஎம்மில் அதுவே 80 கிராம் அளவுக்குப் போகும். அந்த 80 கிராமைச் சமாளிக்கும் ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் 2 கிராமுக்குத் தடை ஆகாது. டேங்கில் ஊற்றும் மருந்துக்கோ த்ராட்டில் தட்டைத் தொட வழியே இல்லை. இந்த வகை எஞ்சினில் பெட்ரோல் இன்ஜெக்டரிலிருந்து வெளியே வரும் இடம் த்ராட்டிலைத் தாண்டி, வால்வுக்குப் பக்கத்தில். இன்ஜெக்டரையும் வால்வின் முதுகையும் அது கழுவலாம். தட்டில் படிந்த கரியை அது பார்க்கவே போவதில்லை.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

உதறல் என்றதும் நான் முதலில் பார்ப்பது ஆர்பிஎம் முள்ளைத்தான். முள் அசையாமல் நின்று, வண்டி மட்டும் உதறினால் எஞ்சின் மவுன்ட் ரப்பர் போயிருக்கலாம். அதற்கு எத்தனை டின் கிளீனர் அடித்தாலும் பயன் இல்லை. சீரான தாளத்தில் ஒரு அடி மட்டும் விழாமல் போனால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. காயில், பிளக், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை. முள் தாளமே இல்லாமல் ஏறி இறங்கியது.

ஸ்கேனரை மாட்டினேன். பி0506 பதிவாகியிருந்தது. ஐட்ல் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பொருள். மிஸ்ஃபயர் கோடு இல்லை. சூடான எஞ்சினில், எல்லாச் சுமையும் அணைத்துப் பார்த்தபோது 700 ஆர்பிஎம் நிற்க வேண்டிய இடத்தில் 620க்கும் 740க்கும் நடுவே அலைந்தது. ஏசி போட்டதும் 540க்கு விழுந்து, துள்ளி 850க்குப் போய், மறுபடி விழுந்தது. த்ராட்டில் திறப்பு 17.6 சதவீதம் காட்டியது. இந்த எண் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் இதை வைத்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. குறித்து வைத்துக்கொண்டு பிற்பாடு ஒப்பிடுவதற்குத்தான் பயன்படும். இக்னிஷன் டைமிங் 2 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் நடுவே குதித்தது. இதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். தட்டைத் திறந்து காற்று போய்ச் சேர்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும். தீப்பொறியை முன்னே பின்னே நகர்த்துவது உடனே நடக்கும். காற்றை வைத்து வேகத்தைப் பிடிக்க முடியாதபோது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இப்படித்தான் தீப்பொறியை வைத்துச் சமாளிக்கப் பார்க்கும்.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. நீண்டகால ட்ரிம் ஐட்லில் கூட்டல் 2 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 9 சதவீதம்.

இந்த இரண்டு எண்களில்தான் வழக்கின் பாதி இருக்கிறது. ஐட்லிங் கெட்டால் "ஏர் லீக்காக இருக்கும்" என்று சொல்வது வழக்கம். மேஃப் உள்ள வண்டியில் மேனிஃபோல்டில் (த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) லீக் இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஐட்லில் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30, 35 கிலோபாஸ்கல்தான், வெளியே 100. அந்த வித்தியாசத்தில் சின்ன ஓட்டைகூட நிறைய உறிஞ்சும். மொத்தக் காற்றே 2 கிராம் என்பதால் அதன் பங்கும் பெரிதாகத் தெரியும். ஆகவே லீக் இருந்தால் ட்ரிம் ஐட்லில் எகிறி, வேகம் கூடக் கூட இறங்க வேண்டும். இங்கே அதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. லீக்கை அத்தோடு விட்டுவிட்டேன்.

த்ராட்டில் பாடி அழுக்கானால் கலவை கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அப்படி ஆவதில்லை. தட்டைச் சுற்றிக் கரி படிந்தால் குறைவான காற்று போகும், ஆனால் போகிற காற்று முழுவதும் மேஃப் வழியாக அளக்கப்பட்டே போகிறது. பெட்ரோலும் அதற்குத் தகுந்தாற்போலக் குறையும். எடையில் காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற விகிதம் அப்படியே நிற்கும். எஞ்சினுக்கு மூச்சுதான் குறைகிறது. ட்ரிம் நன்றாக இருந்து ஐட்லிங் மட்டும் கெட்டிருந்தால் அது த்ராட்டிலைக் கை காட்டுகிறது. ஓட்டத்தில் ட்ரிம் ஏறினால் அது வேறு ஒரு கோளாறு. காற்று கூடக் கூட மேஃப் குறைத்துச் சொல்கிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் போட்டுப் பார்த்தேன், குறிப்பிட்ட அளவில் இருந்தது. மிச்சம் மேஃப். உரிமையாளர் போகிற போக்கில் சொன்ன மந்தமான இழுவைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று பட்டது.

ஆக வண்டியில் இரண்டு கோளாறுகள். இரண்டுக்கும் ஒரே மூலம் இருக்குமோ என்ற சந்தேகம் அப்போதே வந்தது.

திறந்து பார்த்ததில்

ரப்பர் குழாயைக் கழற்றியதும் அதன் உட்புறம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. விரலை வைத்தால் கருப்பாக ஒட்டியது. எண்ணெய் அதிகமாக இருந்த இடம் வால்வு கவரிலிருந்து வரும் ப்ரீதர் ஹோஸ் சேரும் வாய். த்ராட்டில் தட்டின் முன்பக்கம் லேசான பழுப்பு. டார்ச் அடித்துத் தட்டைச் சற்றே திறந்து பார்த்தால் விளிம்பைச் சுற்றி, சுவரில், தட்டு மூடும் கோட்டை ஒட்டி, கெட்டியான கருப்பு வளையம்.

அந்த வளையம் செய்கிற வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐட்லில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும்; விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மேலும் கீழும் பிறை வடிவில் மெல்லிய இடுக்கு மட்டும் இருக்கும். 2 கிராம் காற்றும் அது வழியாகத்தான் போகிறது. அரை மில்லிமீட்டர் கரி படிந்தாலே இடுக்கில் பெரும்பகுதி போய்விடும். ஈசியூ சும்மா இருக்காது. தட்டை இன்னும் கொஞ்சம் திறந்து பழகிக்கொள்ளும், அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. ஆனால் தட்டு கரி மேட்டுக்குள் இருக்கும்வரை எவ்வளவு திருப்பினாலும் காற்று கூடுவதில்லை. மேட்டைத் தாண்டியதும் சட்டென்று கூடிவிடுகிறது. சீராக இருக்க வேண்டிய உறவு படிக்கட்டாகிவிடுகிறது. திறந்தால் அதிகம், மூடினால் குறைவு, நடுவில் நிற்க இடமில்லை. முள் அலைவது இதனால்தான். ஏசி கம்ப்ரசர் சேரும்போது ஈசியூ முன்கூட்டியே தட்டைக் கொஞ்சம் திறந்து கொடுக்கும்; அந்தக் கொஞ்சத்தைக் கரி விழுங்கிவிட்டால் வேகம் விழத்தான் செய்யும். காலையில் தொல்லை இல்லாததற்கும் காரணம் இங்கே இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு 1,200 ஆர்பிஎம் பக்கம் கொடுக்கும்போது தட்டு அந்த மேட்டைத் தாண்டித் திறந்திருக்கிறது.

இனி அந்த எண்ணெய். எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் புகையை வெளியேற்ற இரண்டு வழிகள் வைத்திருப்பார்கள். பிசிவி வால்வு வழியாகப் புகை மேனிஃபோல்டுக்கு, அதாவது த்ராட்டிலுக்குப் பின்னால், உறிஞ்சப்படும். அதற்கு ஈடாக நல்ல காற்று ப்ரீதர் ஹோஸ் வழியாக உள்ளே போகும். ப்ரீதர் ஹோஸில் காற்று உள்ளே போக வேண்டியதே தவிர எண்ணெய் வெளியே வரக் கூடாது. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். நல்ல வால்வு கடகடவென்று சத்தம் போடும். இது ஊமையாக இருந்தது. பிசின் கட்டி, மூடிய நிலையில் இறுகியிருந்தது. புகைக்குப் போக இடமில்லாமல் ப்ரீதர் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதிலிருந்த எண்ணெய் ரப்பர் குழாயை நனைத்து, த்ராட்டில் விளிம்பில் வெந்து கரியாகி, எஞ்சினை அணைத்த பிறகு ஆவியாகப் பின்னோக்கிப் போய் மேஃப் கம்பியிலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சூடான எஞ்சினில் பிசிவி வழியாகப் போகும் காற்றும் ஐட்ல் காற்றில் ஒரு பங்கு. அந்த வழி அடைபட்டபோது அந்தப் பங்கையும் த்ராட்டிலே சுமக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே கரியில் திணறிய இடுக்குக்கு இது கூடுதல் பாரம்.

சுத்தம் செய்த விதம்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, த்ராட்டில் கனெக்டரைப் பிரித்த பிறகே கை வைத்தேன். இது சடங்கு அல்ல. சாவி போட்ட நிலையில் மோட்டார் தட்டைச் சட்டென்று அடித்து மூடினால் விரல் நசுங்கும். நாம் விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இந்த த்ராட்டில் பாடி வழியாகக் கூலன்ட்டும் ஓடுகிறது, அதற்கு இரண்டு சின்ன ஹோஸ்கள். அவற்றைப் பிடுங்கி வாயை அடைத்து வைத்தேன். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும், ஆவி மண்டையைப் பிடிக்கும். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

வண்டியில் இருந்தபடியே ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கரைந்த கசடு முழுவதும் மேனிஃபோல்டுக்குள் போகிறது, தட்டின் பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்கவும் முடிவதில்லை. நான்கு போல்ட்தான், கழற்றிவிட்டேன். த்ராட்டில் பாடி சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். கெட்டியான வளையத்துக்கு மென்மையான பல் துலக்கும் பிரஷ். கத்தி, உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. சில த்ராட்டில் பாடிகளில் தட்டு சரியாகப் பொருந்துவதற்காகவே உட்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். அதைக் கரி என்று நினைத்துச் சுரண்டினால் இடுக்கு நிரந்தரமாகப் பெரிதாகி, ஐட்லிங் கீழே இறங்கவே மறுக்கும். தட்டின் அச்சு சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளிலும் நேராக ஸ்ப்ரே அடிக்கவில்லை. அந்த வழியாகத் திரவம் மோட்டாருக்கும் பொசிஷன் சென்சாருக்கும் போய்விடும். மோட்டார் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டால் வழிவது தானாகவே வெளிப்பக்கம் போகும். தட்டு நிற்கும் இடத்தை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. பழைய கேபிள் வண்டிகளில் ஐட்லிங் குறைந்தால் அந்த ஸ்க்ரூவைத் திருப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது; கோளாறை ஒளித்து வைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

மேஃப் சென்சாருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டுமே. உள்ளே இருப்பது காற்றைவிடச் சூடாக வைக்கப்படும் மெல்லிய கம்பி அல்லது படலம். காற்று அதைக் குளிர்விக்கும்; சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுகிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் படிந்தால் அது போர்வையாகிவிடும், கம்பி குறைவாகக் குளிரும், சென்சார் குறைவாகச் சொல்லும். பிரஷ், பஞ்சு, கம்ப்ரசர் காற்று எதுவும் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனர் படிவு விட்டுச் செல்லும், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். சற்றுத் தள்ளிப் பிடித்து விட்டு விட்டு அடித்தேன், தானாக உலர விட்டேன். ஈரத்தோடு மாட்டி மின்சாரம் கொடுக்கக் கூடாது.

பிசிவி வால்வைச் சுத்தம் செய்யவில்லை, புதிதாகவே போட்டேன். பிசின் கட்டிய ஸ்பிரிங்கைக் கழுவி நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ப்ரீதர் ஹோஸையும் ரப்பர் குழாயையும் துடைத்து, த்ராட்டிலுக்குப் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்களைக் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினேன். இங்கே பழைய கேஸ்கெட்டை வைத்தால் இல்லாத ஏர் லீக்கை நாமே உண்டாக்குவதாகிவிடும்.

ஸ்டார்ட் செய்ததும்

1,300 ஆர்பிஎம்மில் கூவியது. உரிமையாளர் முகம் மாறிவிட்டது. ஆனால் வேலை சரியாக நடந்ததற்கு இதுதான் அடையாளம். கரி இருந்த காலத்தில் பழகிய திறப்பை ஈசியூ இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. இடுக்கு இப்போது திறந்துவிட்டதால் அதே கோணத்தில் காற்று அதிகம் போகிறது. பேட்டரியைக் கழற்றினாலே எல்லா வண்டியிலும் இந்த நினைவு அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. சுத்தம் செய்து திரும்பிப் போனவர்கள் "முன்னாடியைவிட மோசமாகிவிட்டது" என்று புகார் செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தவறவிட்டதால்தான்.

ஸ்கேனரில் த்ராட்டில் கற்றல் மதிப்புகளை அழித்தேன். அப்புறம் தயாரிப்பாளர் சொன்ன வரிசைப்படி சாவியை ஆன், ஆஃப் செய்து தட்டு தன் மூடும் எல்லையைத் தானே கண்டுபிடிக்க விட்டேன். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் எல்லாச் சுமையையும் அணைத்து ஐட்லில் விட்டேன், பிறகு ஏசி, அதன் பிறகு ஹெட்லைட்டும் ப்ளோயரும் சேர்த்து. இந்த வரிசை ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே செய்ய வேண்டும், ஒரு வண்டியின் முறையை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஐட்லிங் 700இல் உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் 15 ஆர்பிஎம்முக்கு மேல் நகரவில்லை. ஏசி சேரும்போது 660க்கு இறங்கி உடனே 750இல் நின்றது. ஏசிக்காக ஈசியூ வைத்திருக்கும் இலக்கே அதுதான். த்ராட்டில் திறப்பு 17.6இலிருந்து 13.1 சதவீதம். டைமிங் 8க்கும் 10க்கும் நடுவே அமைதி. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்ததில் நீண்டகால ட்ரிம் ஐட்லில் கூட்டல் 1, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 2. மேஃப் பற்றிய கணிப்பும் சரிதான் என்று அந்த 9 இறங்கியதில் தெரிந்தது. இழுவையைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே உரிமையாளர் சொல்லிவிட்டார்.

எல்லா வண்டிக்கும் இதே மருந்து பொருந்தாது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால் இன்டேக் வால்வைக் கழுவ ஆள் இல்லை. கரி வால்வின் முதுகில் கட்டும். அங்கே த்ராட்டில் பளபளத்தாலும் குளிர்ந்த எஞ்சின் உதறும். மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கேபிள் த்ராட்டில் வண்டிகளில் ஐட்ல் ஏர் கன்ட்ரோல் வால்வு தனியாக இருக்கும், தட்டைவிட அதன் வழிதான் அதிகம் அடைக்கும். ஒவ்வொரு சர்வீசிலும் த்ராட்டில் சுத்தம் செய்ய வேண்டும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ரப்பர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம், வளையம் இருந்தால் செய்யலாம்.

சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வண்டி மறுபடி வந்தபோது ப்ரீதர் ஹோஸின் வாயைத்தான் முதலில் திறந்தேன். காய்ந்திருந்தது. த்ராட்டில் திறப்பு 13.2. புது பிசிவி போட்டும் அந்த ஹோஸில் எண்ணெய் திரும்ப வந்திருந்தால் ரிங் தேய்ந்து புகை அளவுக்கு மீறி வருகிறது என்று எடுத்துக்கொண்டு, கம்ப்ரஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும் பார்த்திருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை.